கணப்பை எண்ணியவர்கள்: வீட்டு வெப்பமும் கார்பன் உமிழ்வும்

1662ஆம் ஆண்டு, இரண்டாம் சார்லஸ் மன்னரின் ஆட்சியில், இங்கிலாந்து நாடாளுமன்றம் கணப்பு வரி என்றொரு வரியை விதித்தது. வீட்டிலுள்ள கணப்பு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங். வறியோர்க்கு விலக்கு உண்டு. வரி தண்டும் அலுவலர்கள் வீட்டினுள் புகுந்து அறை அறையாகக் கணப்புகளை எண்ணினர். தொகையைவிட அந்த நுழைவே மக்களுக்குக் கசந்தது. 1689இல் வில்லியமும் மேரியும் அரியணை ஏறியதும் அவ்வரி நீக்கப்பட்டது. எனினும் எண்ணிக்கை ஏடுகள் எஞ்சின. எந்த ஊரில் எத்தனை வீடுகள் இருந்தன, அவற்றுள் செல்வர் வீடு எது, வறியர் வீடு எது என்பதை அறிய வரலாற்றாய்வாளர்கள் இன்றும் அவற்றைப் புரட்டுகின்றனர்.

குளிர்நாடுகளில் வீடும் கணப்பும் ஒன்றாகவே கருதப்பட்டன. இலத்தீனில் கணப்பைக் குறித்த ‘ஃபோகஸ்’ என்னும் சொல் பிரெஞ்சு மொழியில் நெருப்பைக் குறிக்கும் சொல்லாக உருமாறியது. இடைக்காலப் பிரான்சில் வரிக்காகக் குடும்பங்களை எண்ணும் அலகின் பெயராகவும் அதுவே நின்றது. இத்தனை குடும்பங்கள் என்பதற்கு இத்தனை நெருப்புகள் என்றே கணக்கேடுகள் எழுதின.

அந்த நெருப்பு இன்று காலநிலை அறிவியலின் கணக்கேட்டிலும் ஏறியுள்ளது. கட்டடங்களின் அறைகளையும் நீரையும் சூடாக்குவதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 400 கோடி டன் கரியமில வாயு வெளியாகிறது என்றும், எரிசக்தி சார்ந்த உலக உமிழ்வில் அது பத்தில் ஒரு பங்கு என்றும் பன்னாட்டு எரிசக்தி முகமை மதிப்பிடுகிறது. இதைக் குறைக்க வழி யாது என்ற வினாவுக்குப் பெரும்பாலும் ஒரு கருவியின் பெயரே விடையாகக் கூறப்படுகிறது: வெப்ப எக்கி, சூரியத் தகடு, புதுவகைக் கொதிகலன். கடந்த எழுபது ஆண்டுகளின் வரலாறோ வேறொன்றைக் காட்டுகிறது. கருவி ஏறத்தாழ எப்போதும் ஆயத்தமாகவே இருந்தது. எந்த வீட்டில் எது எரிகிறது என்பதை முதலில் எண்ணி, மாற்றத்தின் செலவை அடுத்துப் பகிர்ந்து, கட்டாயத்தை இறுதியில் கொணர்ந்த இடங்களில் மாற்றம் நிலைத்தது. இவ்வரிசை பிறழ்ந்த இடங்களில் மக்கள் குளிரில் நடுங்கினர், அல்லது சினந்தெழுந்தனர்.

புகையிலிருந்து எரிவாயுவுக்கு

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனைக் கவிந்த நச்சுப் பனிப்புகையால் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என்று அன்றைய அரசு கணக்கிட்டது. பிற்கால ஆய்வுகள் அவ்வெண்ணை 12,000 வரை உயர்த்துகின்றன. ஆலைப் புகையோடு வீட்டுக் கணப்புகளில் எரிந்த நிலக்கரியின் புகையும் இதற்குப் பெருங்காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இருந்தன. ஆனால் அவை ஆலைகளின் புகைபோக்கிகளையே நோக்கின. வீட்டுக் கணப்பைத் தொடவில்லை. கணப்பு வரி விட்டுச் சென்ற கசப்பைப் போலவே, ஒருவர் தம் வீட்டில் எதை எரிக்கிறார் என்பது அரசின் கண்ணுக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணம் வேரோடியிருந்தது.

ஹியூ பீவர் தலைமையிலான குழு 1954இல் அளித்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1956இல் இயற்றப்பட்ட தூய காற்றுச் சட்டமும் அந்த எல்லையைக் கடந்தன. உள்ளாட்சி அமைப்புகள் தத்தம் பகுதிகளில் புகைக் கட்டுப்பாட்டு வட்டாரங்களை அறிவிக்கலாம்; அங்கே புகை கக்கும் கரியை எரிக்கக் கூடாது. இச்சட்டத்தில் பெரிதும் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு. கணப்பை மாற்றியமைக்க வீட்டார் செய்யும் தகுந்த செலவில் பத்தில் ஏழு பங்கை உள்ளாட்சி திருப்பித் தர வேண்டும். அதன் ஒரு பகுதியை நடுவண் அரசு ஏற்கும். தடையும் உதவித்தொகையும் ஒரே சட்டத்தில் அமைந்தன. அப்படியிருந்தும் சுரங்க மாவட்டங்களில் மாற்றம் தயங்கியே நடந்தது. சுரங்கத் தொழிலாளர்க்குக் கூலியின் ஒரு பகுதியாக நிலக்கரி கிடைத்து வந்தது. அவர்களுக்குப் புகையற்ற கல்கரி என்பது கூலிக் குறைப்பாகவே தோன்றியது.

அடுத்த மாற்றம் இன்னும் பெரிது. 1965இல் வடகடலின் பிரித்தானியப் பகுதியில் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டது. அதுவரை வீடுகளுக்குக் குழாய் வழி வந்தது நிலக்கரியிலிருந்து காய்ச்சிய நகர வாயு. இயற்கை வாயுவின் வெப்பத்திறன் அதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. எரியும் தன்மையும் வேறு. ஆகவே நாட்டிலுள்ள ஒவ்வோர் அடுப்பின், ஒவ்வொரு கணப்பின் எரிமுனையையும் மாற்ற வேண்டியிருந்தது. 1967இல் தொடங்கி 1977 வரை, பொதுத்துறையின் எரிவாயு அமைப்புகள் நாட்டைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, தெருத் தெருவாகச் சென்று, 1.3 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கருவிகளை மாற்றின. பணி தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் என்னென்ன கருவிகள் உள்ளன என்று பட்டியல் எடுக்கப்பட்டது. மாற்றியமைக்கும் பணிக்கு வீட்டாரிடம் கட்டணம் பெறப்படவில்லை. பழைய வாயுவை வைத்துக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. வீட்டு எரிபொருளைப் பொறுத்தமட்டில், அமைதிக்காலத்தில் ஒரு நாடு இதைவிட விரைந்து மாறியதற்கு எடுத்துக்காட்டுகள் அரிது.

இம்மாற்றத்தின் நோக்கம் கார்பன் உமிழ்வைக் குறைப்பதன்று. ஆயினும் ஒரே அளவு வெப்பத்துக்கு நிலக்கரியைவிட எரிவாயு குறைந்த கரியமில வாயுவையே வெளியிடும் என்பதால் உமிழ்வும் தணிந்தது. அதே வேளையில் வேறொன்றும் நிகழ்ந்தது. 1970இல் பிரித்தானிய வீடுகளில் ஏறத்தாழக் கால் பங்கில் மட்டுமே மைய வெப்ப அமைப்பு இருந்தது. நாற்பது ஆண்டுகளில் அது பத்தில் ஒன்பது பங்கைத் தாண்டியது. குளிர்காலத்தில் வீட்டினுள் நிலவும் சராசரி வெப்பநிலை 1970இல் 12 பாகை செல்சியஸ் அளவில் இருந்து, 2010 வாக்கில் 17 பாகையை ஒட்டி உயர்ந்தது என்று அரசின் வீட்டு எரிசக்தி மதிப்பீடுகள் கூறுகின்றன. முன்பு ஓர் அறையில் குடும்பமே கூடிக் குளிர்காய்ந்தது. இப்போது எல்லா அறைகளும் சூடாயின. கொதிகலன்களும் சுவர்களும் ஈட்டித் தந்த சேமிப்பின் ஒரு பகுதியை இந்த வசதி உண்டது. அதைக் குற்றம் என்று கூற இயலாது. ஈரமும் குளிரும் நிறைந்த அறைகளில் வாழ்ந்த முதியோர்க்கும் குழந்தைகளுக்கும் அது நலவாழ்வு. ‘போதிய வெப்பம்’ என்னும் அளவே காலத்தால் மாறுவது என்பதைத்தான் இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

டென்மார்க்கின் வரைபடம்

1973இன் எண்ணெய் நெருக்கடி வந்தபோது டென்மார்க்கின் எரிசக்தியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு இறக்குமதி எண்ணெயாக இருந்தது. வீடுகளின் அடித்தளங்களில் எண்ணெய்க் கொதிகலன்கள் உறுமிக்கொண்டிருந்தன. அவ்வாண்டு நவம்பர் 25 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியார் வாகனங்கள் ஓடத் தடை விதிக்கப்பட்டது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் மிதிவண்டியில் சென்ற படங்கள் புகழ்பெற்றவை. ஆனால் நீடித்து நின்ற மாற்றம் நெடுஞ்சாலையில் நிகழவில்லை; நகராட்சி அலுவலகங்களின் மேசைகளில் நிகழ்ந்தது.

1979இல் டென்மார்க் வெப்ப வழங்கல் சட்டத்தை இயற்றியது. ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லைக்குள் எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு வெப்பம் தேவை, இப்போது அது எதிலிருந்து கிடைக்கிறது, அருகே வீணாகும் வெப்பம் எங்குள்ளது என்று கணக்கெடுக்க வேண்டும். அக்கணக்கைக் கொண்டு ஊர் பகுதிகளாக வரையப்பட்டது: நெருக்கமான பகுதிகளுக்குப் பொது வெப்பக் குழாய், சிலவற்றுக்கு இயற்கை எரிவாயு, தொலைவில் தனித்திருக்கும் வீடுகளுக்குத் தனி ஏற்பாடு. பொது வெப்பக் குழாய் என்பது, ஒரு மைய நிலையத்தில் சூடாக்கிய நீரை நிலத்தடிக் குழாய்களில் வீடுதோறும் அனுப்பி, ஆறிய நீரைத் திரும்பப் பெறும் முறை. டென்மார்க்குக்கு இது புதிதன்று. கோபன்ஹேகனை ஒட்டிய ஃபிரெடெரிக்ஸ்பர்க்கில் 1903இலேயே குப்பையை எரித்த வெப்பம் குழாய்வழி வழங்கப்பட்டது. புதியது அந்த வரைபடமே.

வரைபடத்துக்குப் பின்னரே கட்டாயம் வந்தது. குழாய் செல்லும் தெருவிலுள்ள கட்டடங்களை இணையுமாறு பணிக்கும் அதிகாரம் நகராட்சிகளுக்குத் தரப்பட்டது. 1988இல் புதிய கட்டடங்களில் மின்சாரத்தால் நேரடியாகச் சூடாக்கும் அமைப்புகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. இக்கட்டாயத்தை மக்கள் ஏற்றதற்கு ஒரு விதி துணை நின்றது: வெப்பத்தை விற்பவர் இலாபம் ஈட்டக் கூடாது, செலவுக்கு ஈடான கட்டணமே பெற வேண்டும். நிறுவனங்கள் பலவும் நுகர்வோர் கூட்டுறவாகவோ நகராட்சி உடைமையாகவோ இருந்தன. இன்று அந்நாட்டின் வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இக்குழாய்களிலிருந்தே வெப்பம் பெறுகிறது.

பொதுக் குழாயின் பெரும்பயன் பின்னாளில் விளங்கியது. ஒரு மைய நிலையத்தின் எரிபொருளை மாற்றினால் ஆயிரக்கணக்கான வீடுகளின் உமிழ்வு ஒருங்கே மாறுகிறது. ஒரு வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. முதலில் எண்ணெயிலிருந்து நிலக்கரிக்கு மாறிய நிலையங்கள் பின்னர் எரிவாயுவுக்கும் வைக்கோலுக்கும் மரத்துக்கும் மாறின. மேற்குக் கரையிலுள்ள எஸ்பியர் நகரில் நிலக்கரி ஆலை 2024இல் மூடப்பட்டு, கடல்நீரிலிருந்து வெப்பத்தை உறிஞ்சும் மாபெரும் வெப்ப எக்கிகள் அதன் பணியை ஏற்றுள்ளன. இவ்வரலாற்றில் ஒரு நிழலும் உண்டு. இன்று டென்மார்க்கின் குழாய்களில் ஓடும் வெப்பத்தில் கணிசமான பங்கு, இறக்குமதி செய்த மரத்தையும் எரித்துப் பெறப்படுகிறது. வெட்டிய மரம் மீண்டும் வளரும் என்னும் கருத்தால் அது கார்பன் கணக்கில் சுழியமாக எழுதப்படுகிறது. காடு மீள எத்தனை பத்தாண்டுகள் ஆகும் என்ற வினாவை அறிவியலாளர் பலர் எழுப்புகின்றனர். எதை எண்ணுகிறோம் என்பதைப் போலவே எதை எண்ணாமல் விடுகிறோம் என்பதும் அரசியலே.

காத்திருந்த கருவி

வெப்ப எக்கி இன்றைய கண்டுபிடிப்பு என்று பலர் கருதுகின்றனர். குளிர்பதனப் பெட்டி தன் உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. வெப்ப எக்கி வெளியே உள்ள காற்று, நீர், மண் ஆகியவற்றின் வெப்பத்தை வீட்டினுள் தள்ளுகிறது. ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு அளவில் வெப்பம் கிடைக்கும். இக்கோட்பாட்டைக் கெல்வின் பிரபு என்று பின்னர் அறியப்பட்ட வில்லியம் தாம்சன் 1852இலேயே விளக்கிவிட்டார். ஜூரிக் நகர மன்றக் கட்டடம் 1938 முதல் லிம்மாட் ஆற்றின் நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக் குளிர்காய்ந்தது. நிலக்கரியும் எண்ணெயும் மலிவாய் இருந்தவரை இக்கருவிக்குப் பரவலான தேவை எழவில்லை.

அத்தேவையை உருவாக்கிய நாடு சுவீடன். 1991இல் அது கார்பன் வரியை விதித்தது. தொடக்க விகிதம் ஒரு டன் கரியமில வாயுவுக்கு 250 குரோனர். பின்னர் அது பன்மடங்கு உயர்ந்தது. 1990களின் நடுவில் அரசு முகமையொன்று நல்ல வெப்ப எக்கிகளுக்கான கொள்முதல் போட்டியை நடத்தித் தரத்தை உயர்த்தியது. முன்பே நகரங்களில் பொது வெப்பக் குழாய்களும் பரவியிருந்தன. மாற்று கையருகே இருந்ததால் வரி மக்களை மாற்றத்தின்பால் நகர்த்தியது. மாற்று இல்லாத இடத்தில் அதே வரி வறியவர் மீது சுமத்திய தண்டமாக மட்டுமே நின்றிருக்கும்.

வரிசை பிறழ்ந்த இடங்கள்

செருமனியின் அண்மை அனுபவம் இதன் மறுபக்கம். புதிதாக நிறுவப்படும் வெப்ப அமைப்புகள் குறைந்தது 65 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் இயங்க வேண்டும் என்னும் சட்ட வரைவு 2023இன் தொடக்கத்தில் வெளியே கசிந்தது. தம் வீட்டுக் கொதிகலனைப் பிடுங்க அரசு வருகிறது என்ற அச்சம் பரவியது. தங்கள் தெருவுக்குப் பொதுக் குழாய் வருமா, வராதா என்று தெரியாத நிலையில் பெரும் பணம் செலவிட்டு வெப்ப எக்கி வாங்க வேண்டுமா என்ற வீட்டாரின் வினா நியாயமானது. மாதக்கணக்கான பூசலுக்குப் பின் செப்டம்பரில் நிறைவேறிய சட்டம், பழைய கட்டடங்களுக்கான கடமையை நகராட்சிகளின் வெப்பத் திட்டத்தோடு பிணைத்தது: பெருநகரங்கள் 2026 நடுப்பகுதிக்குள்ளும் பிற ஊர்கள் 2028 நடுப்பகுதிக்குள்ளும் வரைபடத்தை ஆக்க வேண்டும். டென்மார்க் 1979இல் முதலில் செய்ததைச் செருமனி 2023இல் இறுதியில் சேர்த்தது.

சீனத்தின் பாடம் இன்னும் கடுமையானது. 1950களில் சீன அரசு சின்லிங் மலையையும் ஹுவாய் ஆற்றையும் எல்லையாகக் கொண்டு, வடக்கே உள்ள நகரங்களுக்குப் பொது வெப்பம், தெற்கே இல்லை என்று வகுத்தது. வடக்கு நகரங்களில் நிலக்கரி கிட்டத்தட்ட இலவசமாக எரிந்தது. எல்லையின் இருபுறமும் வாழ்வோரை ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டு ஆய்வு, வடக்கே காற்று மாசால் ஆயுட்காலம் 5.5 ஆண்டுகள் குறைந்தது என்று மதிப்பிட்டது; 2017இல் வெளியான அடுத்த ஆய்வு அதை 3.1 ஆண்டுகள் என்றது. 2017இல் அரசு, பெய்ஜிங்கையும் தியான்சினையும் சூழ்ந்த நகரங்களில் இலட்சக்கணக்கான வீடுகளின் கரி அடுப்புகளை விரைந்து அகற்றி எரிவாயுவுக்கு மாற்ற முனைந்தது. பல ஊர்களில் அடுப்பு போயிற்று. குழாயோ வாயுவோ வந்து சேரவில்லை. ஹெபெய் மாகாணத்தின் சூயாங் வட்டத்தில் வகுப்பறைகள் உறைந்ததால் பள்ளிக் குழந்தைகள் வெயில் விழும் முற்றத்தில் அமர்ந்து படித்தனர். அவ்வாண்டு டிசம்பரில், மாற்றம் முடிவடையாத இடங்களில் மீண்டும் கரி எரிக்கலாம் என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் இசைய நேர்ந்தது. அம்மாற்றத்தால் பின்னர் காற்றின் தூய்மை மேம்பட்டது மெய். முதற்குளிரின் விலையைச் செலுத்தியவர்கள் சிற்றூர் மக்கள் என்பதும் மெய்.

இந்தியாவின் எண்ணப்படாத நெருப்பு

ஐரோப்பா குடும்பத்தைக் கணப்பால் எண்ணியது. இந்தியா அடுக்களையால் எண்ணுகிறது. ஒரே அடுக்களையில் சமைத்ததை உண்டு சேர்ந்து வாழ்வோரே ஒரு குடும்பம் என்பது இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறை. நாட்டின் பெரும்பகுதிக்கு இது பொருத்தமே. ஆயினும் இவ்வரையறையினுள் வீட்டு நெருப்பு என்றால் சமையல் நெருப்பு என்ற முற்கோள் ஒளிந்திருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சமையலுக்கான எரிபொருள் எது என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டது. குளிர்காய எதை எரிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

இமயமலைச் சரிவில் ஓர் அடுப்புக்கு இரு பணிகள். சமைப்பதும் அதுவே, அறையைச் சூடாக்குவதும் அதுவே. 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டம் சமையல் எரிவாயுவை எளிய குடும்பங்களுக்குக் கொண்டு சேர்த்தது; சமவெளியில் அதன் பயன் பெரிது. மலைவீட்டிலோ எரிவாயு அடுப்பு சோற்றை வேகவைக்கும், சுவரைச் சூடாக்காது. எனவே உருளை வந்த பின்னும் குளிர்காலத்தில் விறகடுப்பு அணையாமல் இருக்கிறது. விறகு சுமக்கும் பெண்ணின் தோளும், புகையை விழுங்கும் குழந்தையின் நுரையீரலும் திட்டத்தின் வெற்றிக் கணக்கில் இடம்பெறுவதில்லை. இதைப் பழக்கத்தை விடாத மக்களின் அறியாமை என்று விளக்குவது எளிது. உண்மையில் அவர்கள் தங்கள் அடுப்பின் பணியைத் திட்டம் தீட்டியவர்களைவிட நன்கு அறிந்தவர்கள்.

காஷ்மீரில் ஃபெரன் என்னும் தளர்ந்த அங்கியின் உள்ளே ஏந்தப்படும் காங்ரியும், தரைக்கல்லின் அடியில் விறகெரிக்கும் ஹமாமும், தகர அடுப்பான புகாரியும் குளிரை எதிர்கொள்கின்றன. புகாரி என்பது பாரசீகம் வழி வந்த சொல். அதன் அரபு வேர் நீராவியைக் குறிக்கும். சமையலினின்று வேறான வெப்பத்துக்கு அம்மொழியில் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. நடுவண் அரசின் கணக்கெடுப்புப் படிவத்தில் அவற்றுக்குக் கட்டம் இல்லை. மின்வெப்பத்துக்கு மாறுவதும் அங்கே எளிதன்று. ஆறுகள் வற்றி நீர்மின் உற்பத்தி குறையும் மாதங்களும், மின்தேவை உச்சத்தைத் தொடும் மாதங்களும் ஒன்றே.

லடாக் வேறொரு வழியைக் காட்டுகிறது. அங்கே குளிர் கடியது, வானமோ தெளிந்தது. தெற்கு நோக்கிய கருஞ்சுவரின் முன் கண்ணாடி பொருத்திப் பகல் வெயிலைச் சுவரில் சேமித்து இரவில் அறைக்கு விடும் கட்டுமானம், பிரெஞ்சுப் பொறியாளர் ஃபெலிக்ஸ் டிராம்பின் பெயரால் வழங்குகிறது. தொண்டு அமைப்புகள் பல பத்தாண்டுகளாக அதை லடாக்கின் மண்சுவர் வீடுகளுக்கு ஏற்பத் தகவமைத்து வருகின்றன. 1988இல் தோன்றிய செக்மோல் அமைப்பின் பள்ளி வளாகம் வெயிலைக் கொண்டே குளிர்காலத்தைக் கடத்துகிறது. இங்கும் கருவி ஆயத்தமாக உள்ளது. முன்மாதிரி வீடுகளிலிருந்து ஒரு மாவட்டம் முழுமைக்கும் செல்லக் கணக்கும் நிதியும் வேண்டும்.

தில்லியில் இவ்வினா வீட்டு வாயிலுக்கு வெளியே நிற்கிறது. குளிர்கால இரவுகளில் அடுக்ககங்களின் காவலர்கள் விறகையும் சருகையும் கொளுத்திக் குளிர்காய்கின்றனர். காற்று மாசுக்கான படிநிலைச் செயல்திட்டம், காவலர்களுக்கு மின்வெப்பக் கருவி வழங்குமாறு குடியிருப்போர் சங்கங்களைப் பணிக்கிறது. தடை காவலர் மேலும், கருவி வாங்கும் கடமை அவருக்குக் கூலி தருவோர் மேலும் விழுமாறு அமைந்த விதி அது. நடைமுறையில் முதல் பாதி மட்டும் நிறைவேறினால், 2017இல் சூயாங்கின் குழந்தைகளுக்கு நேர்ந்ததே தில்லியின் காவலர்க்கும் நேரும்.

1662இல் இங்கிலாந்து கணப்புகளை எண்ணியது, குடிகளிடமிருந்து எடுப்பதற்காக. 1979இல் டென்மார்க் எண்ணியது, குழாய் பதித்துத் தருவதற்காக. இரண்டுக்கும் அலுவலர் வீட்டுக்குள் வர வேண்டியிருந்தது. அவர் எதைக் கையில் கொண்டு வருகிறார் என்பதைப் பொறுத்தே கதவு திறந்தது. இந்தியாவின் மலை மாவட்டங்களில் கார்பன் உமிழ்வைக் குறைக்கும் இலக்குகள் வகுக்கப்படுமுன், அடுத்த கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு வினா சேர வேண்டும்: குளிர்காலத்தில் இவ்வீடு எதனால் சூடாகிறது? அதற்கான விடை கையில் இல்லாமல் வகுக்கப்படும் எந்தத் திட்டமும், எந்த வீட்டில் எந்த நெருப்பை அணைக்கிறது என்பதை அறியாமலேயே அணைக்கும்.